நான் வைக்காத பெயர்

குவாங்சோ,
ஜூன் 18, வியாழன் காலை.
(உங்கள் ஊரில் இன்னும் புதன் இரவாக இருக்கலாம். இனி அந்தப் பேச்சே வேண்டாம்.)

எங்கள் குடும்பத்தின் மூத்தவரும் என் தாய்மாமனுமான, குமாசி ஊரில் இருக்கும் கோஜோ அடுசெய் அவர்களுக்கு, தங்கை மகள் அகுவா தலை குனிந்து எழுதிக்கொள்வது.

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அத்தையின் கோழிகள் பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டத்தை விட்டு வெளியே வந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே உங்கள் மகன் யாவ் அத்தான் நலம், உங்கள் மருமகள் மெர்சி அக்கா நலம், குழந்தை மிகவும் நலம். அடுத்த வரியில் 'நானும் நலம்' என்று எழுதி அடித்திருக்கிறேன். அந்த மைக்கறை அதுதான், காப்பி இல்லை. இந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குழந்தைக்குப் பெயர் வைத்தது பற்றி நேற்று நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைப் பதினோரு முறை கேட்டேன். "அகுவா, நீ கோஜோன்னு சொன்ன பாரு, சர்ச் மணி மாதிரி கணீர்னு குமாசி வரைக்கும் கேட்டுச்சு. நம்ம குடும்பத்துல மொதமொத காலேஜுக்குப் போனவ நீ. படிச்ச பொண்ணோட குரலே தனி" என்றீர்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே யாவ் அத்தான் உள்ளே வந்து, "குவாபெனான்னு எவ்வளவு அழகா சொன்ன! அப்பாவே வாயை மூடிட்டாரே" என்று என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஒரே வாய் ஒரே நேரத்தில் இரண்டு பெயரைச் சொல்ல முடியாது மாமா. மூன்றாவதாக ஒன்று நடந்திருக்கலாம். அது நடந்தும்விட்டது. போனில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும் பொவாச்சே அண்ணன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை பிறந்த பையன் கோஜோ, செவ்வாய்க்கிழமை பிறந்தவன் குவாபெனா. இதில் நம் வீட்டில் எந்தக் காலத்திலும் சண்டை வந்ததில்லை, ஏனென்றால் இதுவரை யாரும் நமக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊரில் போய்ப் பிள்ளை பெற்றதில்லை. மெர்சி அக்கா பெற்றாள். இங்கே செவ்வாய் விடியற்காலை ஐந்து இருபது, அங்கே திங்கள் இரவு ஒன்பது இருபது. அத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து சந்தோஷமாகப் போன் போட்டார், நீங்கள் முதல் வார்த்தையாக, "கோஜோ பொறந்துட்டானா!" என்றீர்கள். அங்கே ஆரம்பித்தது.

"கோஜோ இல்லப்பா, குவாபெனா. இங்க செவ்வாய்க்கிழமை. ஜன்னல்ல வெளுக்குது பாருங்க."

"வெளுத்தது சீனாவுக்குடா. நம்ம ரத்தத்துக்கு இன்னும் ராத்திரி. பொறந்தது எந்த ஊருப் பிள்ளை?"

"பிள்ளை நம்ம ஊருதான். கடிகாரம் இந்த ஊருது."

"அப்ப கடிகாரத்துக்குப் பேரு வை. என் பேரன் கோஜோ."

மூன்று நாள் இப்படியே போனது. கடைசியில் மெர்சி அக்கா படுக்கையிலிருந்தே போனைப் பிடுங்கி, "மாமா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா பெத்தவ நான். நான் செவ்வாய்க்கிழமைதான் பெத்தேன். திங்கட்கிழமை பூரா வலிதான் வந்துச்சு, பிள்ளை வரல" என்றாள். அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் நீங்கள் ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை என்பது குடும்பத்தில் எனக்கு மட்டும் தெரியும். நானும் அப்படித்தானே. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. எட்டாம் நாள் பெயர் வைக்க இங்கே செவ்வாய் காலை ஆறு மணி என்று குறித்தோம். அங்கே திங்கள் இரவு பத்து. அவரவர் கிழமையில் அவரவர் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டீர்கள்.

அடுத்து, குழந்தையின் நாக்கில் சொட்டு வைப்பது யார் என்ற கேள்வி. ஊரென்றால் குணமான ஒரு பெரியவர் வந்து மடியில் வாங்கிக்கொண்டு, விரலால் தண்ணீர் தொட்டு வைத்து, மது தொட்டு வைத்து, தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், மதுவை மது என்று சொல் என்று உண்மை பேசக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார். சொட்டு வைத்தவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பதால் இங்கே பெரிய பிரச்சினை ஆகிவிட்டது. நம் ஊர்ச் சங்கத்தின் அவசரக் கூட்டம் தலைவர் ஓப்போங்கின் டைல்ஸ் கடையில் நடந்தது. தலைவரே வைப்பதாகச் சொன்னார். உடனே பொவாச்சே அண்ணன், "தலைவரே, தப்பா நினைக்காதீங்க. போன மாசம் உடைஞ்ச டைல்ஸை டிசைன்னு சொல்லி வித்தீங்களே" என்றார். தலைவர், "அப்ப நீ வை. பிள்ளை வாழ்நாள் பூரா ரெண்டு மணி நேரம் லேட்டா வரட்டும்" என்றார். சலூன் வைத்திருக்கும் ரீட்டா அக்கா பெயர் வந்தது. "ஐயோ, பிள்ளை யார்கிட்ட எதைக் கேட்டாலும் தெருவுக்கே சொல்லிடும்" என்று ரீட்டா அக்காவே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். இப்படி ஒவ்வொருவர் குணமாக அலசி முடிந்ததும், மூலையில் ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்த என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அகுவா! இந்தப் பொண்ணைப் பத்தி யாராவது ஒரு குறை சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

"அவ பேசியே யாரும் கேட்டதில்லையே, அப்புறம் எங்க குறை சொல்றது?"

"படிச்சவ. அதுவும் தண்ணியைப் பத்தியே எம்.எஸ்ஸி. படிக்கிறா. தண்ணியைத் தண்ணின்னு சொல்ல இவளைவிட யாருக்குத் தகுதி இருக்கு?"

கைதட்டினார்கள். நான் குடிதண்ணீர்ப் பரிசோதனைதான் படிக்கிறேன், தண்ணீரைப் பார்த்ததும் தண்ணீர் என்று சொல்வது அதில் பாடம் இல்லை, வேறு யாரையாவது பாருங்கள் என்றெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது "ம்". மாமா, என் வாழ்க்கையில் நான் வருத்தப்படும் காரியங்கள் எல்லாம் இந்த "ம்"மிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

அன்று மாலையே நீங்கள் எனக்குத் தனியாகப் போன் செய்தீர்கள். "அகுவா, எனக்கு அறுபத்தெட்டு ஆவுது. பதினாறு பேரப்பிள்ளைங்க. வெள்ளி இருக்கு, ஞாயிறு இருக்கு, புதன் நாலு இருக்கு. என்னை மாதிரித் திங்கள் ஒண்ணுகூட இல்ல. இந்தப் பதினேழாவது வந்திருக்கான். நீ சொட்டு வைக்கிறப்ப கோஜோன்னு சொல்லிடு. ஒரு தடவை சொல்லிட்டா அதை யாரும் மாத்த முடியாது." உங்கள் குரல் அப்போது இருந்த மாதிரி நான் எப்போதும் கேட்டதில்லை. "ம்" என்றேன். போனை வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, யாவ் அத்தான் வந்து உட்கார்ந்தார். "அகுவா, அப்பா எப்படியும் உனக்குப் போன் போடுவாரு. நீ குவாபெனான்னு சொல்லு. மெர்சி பட்ட கஷ்டம் நான் பார்த்தேன்." அவருக்கும் "ம்" என்றேன். இரண்டு "ம்"மும் மனசாரச் சொன்னவை. அதுதான் இதில் கேவலம்.

விடிந்தது. நாங்கள் எல்லோரும் பெயர் வைக்கும் நாளுக்கு நம் வழக்கப்படி வெள்ளை உடுத்திக்கொண்டு, மற்ற வீடுகளை எழுப்பிவிடக் கூடாதே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் இருபது பேர் மாடிப்படி ஏறினோம். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி லியாங் அம்மாவை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. மூன்று வருடமாக இந்த ஊரில் இருக்கிற நான்கூட யோசிக்கவில்லை. கதவைத் திறந்து பார்த்த அந்த அம்மாவின் கண்ணில் பட்டது, விடியற்காலையில் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுத்திப் பேச்சு மூச்சில்லாமல் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஏறிப்போகும் கூட்டம். இந்த ஊரில் வெள்ளை உடுத்துவது எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், ஒரு அலறலில் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அந்த அம்மா மேலே ஓடி, மெர்சி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்கா என்னவென்று தெரியாமலே கூட அழுதாள். அதற்குள் தொட்டிலில் இருந்த குழந்தை எழுந்து தானும் ஆரம்பித்தது. லியாங் அம்மா அழுகையை அப்படியே நிறுத்தினாள். குழந்தையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான்மா" என்றார் யாவ் அத்தான். "இன்னிக்குப் பேர் வைக்கிறோம். வெளியில எடுத்துட்டுப்போய் வானத்தைக் காட்டணும்."

"வெளியிலயா! எட்டு நாள் பிள்ளையையா! ஒரு மாசம் ஆகாம தாயும் பிள்ளையும் வாசப்படி தாண்டக் கூடாது. என் வீட்டுல தாண்ட விடமாட்டேன். என்னைத் தாண்டிப் போங்க பார்க்கலாம்!"

வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள். தலைவர் ஓப்போங் அவருக்குத் தெரிந்த சீனத்தில் சமாதானம் பேசினார். அவருக்குத் தெரிந்தது டைல்ஸ் பேரம் பேசும் சீனம் மட்டும்தான். "அம்மா, கடைசியா சொல்லுங்க, பத்து நிமிஷம்?" "முடியாது." "அஞ்சு?" "முடியாது." "சரி, பால்கனி?" லியாங் அம்மா கொஞ்சம் யோசித்தாள். "தொப்பி போடணும். சாக்ஸ் போடணும். குடை பிடிக்கணும்." ஜூன் மாதப் புழுக்கத்தில் அடுசெய் குடும்பத்துப் பிள்ளை இரண்டு தொப்பி, ஒரு கம்பளிச் சாக்ஸ், தலைக்கு மேல் ஒரு பூப்போட்ட குடை என்று பால்கனிக்குப் போய், காயப்போட்டிருந்த அத்தானின் பனியன்களுக்கு நடுவில் தெரிந்த ஒரு துண்டு வானத்தைப் பார்த்தது. குறை சொல்லக்கூடாது, நன்றாகவே பார்த்தது.

இதற்கு நடுவில் நான் கிண்ணங்களை எடுத்துவரச் சமையலறைக்குப் போனேன். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் தலைவர் கொண்டுவந்த வெள்ளைச் சோளச் சாராயம், அதை மூடியைத் திறந்தாலே கண்ணில் நீர் வரும். லியாங் அம்மா கிண்ணத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாருக்கு?" என்றாள். "குழந்தைக்கு, ஒரே ஒரு சொட்டு" என்றேன். சாராயத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். கிண்ணத்தைக் கழுவினாள். ஃபிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றினாள். நாங்கள் குளிர்ந்த தண்ணீர் வைத்திருந்த கிண்ணத்தையும் கொட்டிவிட்டு அதிலும் சுடுதண்ணீர் ஊற்றினாள். "இப்ப கொடு" என்றாள். நான் என் கண்ணால் பார்த்தேன் மாமா. வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு சண்டை வருமே என்று பயந்து இரண்டு கிண்ணத்தையும் அப்படியே எடுத்துப்போய் வைத்தேன்.

உங்களைப் பால்பவுடர் டின்னில் சாய்த்து வைத்திருந்தோம். போனில் என் அம்மாவும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னோரையெல்லாம் கூப்பிட்டுப் பிரார்த்தனையைத் தொடங்கினீர்கள். நடுவில் படம் ஆடியது. பிறகு உங்கள் முகம் போய் உங்கள் வீட்டுக் கூரை விசிறி மட்டும் தெரிந்தது. தலைவர் மெதுவாக, "பெரியவர் தலை வணங்கியிருக்காரு. யாரும் பேசாதீங்க" என்றார். எல்லோரும் விசிறிக்கு மரியாதை செய்துவிட்டுத் தலை குனிந்தோம். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அவ்வளவு சின்னதாக, அவ்வளவு சூடாக இருந்தது. கண்ணை விரித்து என்னையே பார்த்தது, நான் ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறேன் என்பது போல.

அதற்குள் ஆறியிருந்த முதல் கிண்ணத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். "தண்ணின்னா தண்ணின்னு சொல்லு" என்றேன். அது தண்ணீர்தான், சரி. மறுபடி தொட்டு, "மதுன்னா மதுன்னு சொல்லு" என்றேன். அதுவும் தண்ணீர். மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் தண்ணீர். உண்மை பேசக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தில் அந்தப் பிள்ளை முதன்முதலில் கேட்ட பொய்யை நான்தான் சொன்னேன். எம்.எஸ்ஸி. படிக்கிறேன், தண்ணீரில்.

அப்புறம் பெயர். ஒரு பக்கம் விசிறி சுற்றுகிறது, மறுபக்கம் யாவ் அத்தான் கண்ணால் சாடை காட்டுகிறார். கோஜோ என்று சொன்னால் மெர்சி அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாது. குவாபெனா என்று சொன்னால் உங்கள் பதினேழாவது பேரனும் திங்களாக இல்லாமல் போவான், அதைச் செய்தது நானாக இருப்பேன். குழந்தையின் காதருகே குனிந்தேன். உதட்டை அசைத்தேன். அவ்வளவுதான் மாமா. உதடு மட்டும் அசைந்தது. காற்றுகூட வரவில்லை. நான் எந்தப் பெயரும் சொல்லவில்லை. நிமிர்ந்தேன். எல்லோரும் "ஆமென்" என்றார்கள், கைதட்டினார்கள், தலைவர் தும்மினார். ஒவ்வொருவரும் அவரவருக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு சாப்பாடு. அரைத்த சோளமாவை இங்கே கிடைக்கும் மூங்கிலிலையில் மடித்து வேகவைத்திருந்தார்கள், மீன் பொரித்திருந்தார்கள், லியாங் அம்மா சிவப்புச் சாயம் பூசிய முட்டைகளோடு சிவப்புச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "இப்பதான் இது விசேஷ வீடு மாதிரி இருக்கு" என்று முதல் பந்தியில் உட்கார்ந்தாள். எல்லோரும் ஆடினார்கள். நான் பாத்திரம் கழுவினேன்.

மாமா, நான் கல்லூரிக்குப் போக விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அன்றைக்கு ஆபீசில் ஏதோ கேட்டபோது நான் பதில் சொல்லாமல் நின்றேன். வெளியே வந்து, "படி, வாய் தானா திறக்கும்" என்றீர்கள். இரண்டு பட்டம் ஆகப்போகிறது, இன்னும் திறக்கவில்லை. என் குணம் அந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. உங்கள் பேரன் இப்போது பெயரில்லாத பிள்ளை. தப்பு என்னுடையது. அத்தானிடமும் அக்காவிடமும் இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் என் குரல் மணி மாதிரிக் கேட்டது என்று சொன்ன ஒரே மனிதர் நீங்கள்தான். இனி என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று நினைத்தால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். கோழிகளுக்கும். நம் முன்னோர் உங்கள் முழங்காலைக் காக்கட்டும், உங்கள் கூரை ஒழுகாதிருக்கட்டும், உங்கள் மனம் என்மேல் ஆறட்டும்.

என்றும் உங்கள் தங்கை மகள்,
அகுவா நியார்கோ

பின்குறிப்பு: வியாழன் மாலை, கடிதத்தை ஒட்டிய பிறகு கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் அம்மா போன் செய்தாள். குற்ற உணர்ச்சி தாங்காமல் அவளிடம், "மாமாவுக்கு நான் சொன்னது நிஜமாவே கேட்டுச்சாம்மா?" என்று கேட்டேன். அம்மா சிரித்த சிரிப்பில் சந்தையில் அவள் தக்காளிக் கூடை சரிந்தது எனக்கே கேட்டது. "எங்கடி கேட்டுச்சு? உங்க மாமா எட்டு மணிக்குப் படுக்கிற ஆளு. பாட்டனார் பேரை முடிக்கிறதுக்குள்ள குறட்டை. போன் கை நழுவி மல்லாந்து விழுந்துச்சு. எழுப்பலாம்னு பார்த்தேன், பாவமா இருந்துச்சு. காலையில எழுந்து, நல்லா கேட்டுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு."

ஆகவே மேலே உள்ள பக்கங்களில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டிய இடங்களையெல்லாம் அடித்துவிடலாம். விசிறிக்கு நாங்கள் செய்த மரியாதையைத் திருப்பி வாங்க முடியாது.

தைரியம் குறைவதற்குள் அத்தானிடமும் அக்காவிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன், சுடுதண்ணீர் உட்பட. அத்தான், "அடிப்பாவி! அப்ப ரெண்டு நாளா பேரே இல்லாத பிள்ளைக்கா நான் டயப்பர் மாத்திட்டிருக்கேன்?" என்றார். அக்கா மட்டும் அசையவில்லை. "எனக்குத் தெரியும். பக்கத்துல உக்காந்திருந்தவ நான்தானே. இன்னொரு எட்டு நாள் சண்டைக்கு எனக்குத் தெம்பில்லடி, அதான் சும்மா இருந்தேன்" என்றாள். பிறகு குழந்தையை என் மடியில் வைத்து, "இப்ப சொல்லு. நீ என்ன சொல்றியோ அது" என்றாள்.

நீங்கள் சொன்ன திங்கட்கிழமையை நினைத்தேன் மாமா, உங்கள் குரலையும். நிஜமாகவே வலித்தது. ஆனால் இந்தப் பிள்ளை ஜன்னல் வெளுத்த பிறகு பிறந்தது, அன்று அந்த ஜன்னலுக்கு வெளியே செவ்வாய்க்கிழமை. கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, "இது தண்ணி" என்றேன். மது வைக்கவில்லை, அதனால் மது என்று சொல்லவில்லை. பிறகு, "குவாபெனா அடுசெய்" என்றேன். அடுசெய் நீங்கள்தான், அதை யாரும் மாற்ற முடியாது. நான் போட்ட சத்தத்தில் குழந்தை வீரிட்டு அழுதது, லியாங் அம்மா கரண்டியோடு மேலே ஓடிவந்து, "யாரைத் திட்டறே?" என்றாள்.

உங்களுக்குக் கேட்டதா, மாமா?